பழைய 2 ஜிபி கணினிக்கு 6.12 கெர்னல்: நினைவக ஒதுக்கீட்டு விருப்பங்களில் எதை வைப்பது, எதை விடுவது?

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டை அடுத்த செம்பனைத் தோட்டத்து அலுவலகத்தில், 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினி ஒன்று லாரி எடைக் கணக்கையும் செக்ரோலையும் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) மரியாடிபி தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு ஓடுகிறது. அதிலிருந்த லினக்ஸ் 5.4 கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிலாக 6.12 கெர்னலை மூல நிரலிலிருந்து நீங்களே தொகுக்கத் தொடங்கினீர்கள். தொகுப்புத் தேர்வுகளை வைத்திருக்கும் பழைய கான்ஃபிக் கோப்பில் இருந்த ஸ்லேப் என்ற தேர்வு புதிய பட்டியலில் காணப்படவில்லை. ஸ்லப் டைனி, ஃப்ரீலிஸ்ட் ஹார்டன்ட், ராண்டம் கேமேலாக் என்று பழக்கமில்லாத பெயர்கள் வந்து நிற்கின்றன. இதற்கிடையில், சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தாவை 15ஆம் தேதிக்குள் கட்டுவதற்காகப் பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) உலாவியைத் திறக்கும் நாளில் மரியாடிபி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகிறது. யாரோ சொன்னார்கள் என்று, நிரல்கள் கேட்கும் நினைவகத்தைக் கெர்னல் எவ்வளவு தாராளமாக ஒப்புக்கொள்ளும் என்பதைச் சொல்லும் ஓவர்கமிட் மெமரியை 2 என்று மாற்றினீர்கள். அதன்பிறகு பாதி நினைவகம் காலியாக இருக்கும்போதே நிரல்கள் திறக்க மறுக்கின்றன. எந்த விருப்பத்தைத் தட்டினால் இதெல்லாம் சரியாகும் என்பது உங்கள் கேள்வி.

கெர்னல் தொகுக்கும்போது வரும் அந்தப் பட்டியலில் நீங்கள் கேட்கும் ஸ்லேப், ஸ்லப் வகை விருப்பங்கள் எதுவும் உங்கள் மரியாடிபியைக் காப்பாற்றாது. அவை கெர்னல் தன் சொந்த உபயோகத்துக்காக எடுத்துக்கொள்ளும் நினைவகத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதைப் பற்றியவை. நீங்கள் அனுப்பிய, நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் மொத்த நினைவகம் 1,940 எம்பி என்றும், ஸ்லேப் என்ற வரியில் (கெர்னல் தன் சிறு ஒதுக்கீடுகளுக்கு எடுத்திருப்பது) 96 எம்பி என்றும் இருக்கிறது. அந்த 96இலும் 61 எம்பி, தேவைப்பட்டால் கெர்னல் தானே விட்டுக்கொடுக்கக்கூடியது. பெரும்பாலும் கோப்புப் பெயர்களையும் ஐநோடுகளையும் (கோப்புகளின் விவரக் குறிப்புகள்) நினைவில் வைத்திருக்கும் கேஷ், அதாவது தற்காலிகச் சேமிப்பு. கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பது 35 எம்பி மட்டுமே. அந்த வகை விருப்பங்களில் எதை எப்படி மாற்றினாலும் அந்த 35இல்தான் கொஞ்சம் கூடவோ குறையவோ செய்யும். ஆகவே கெர்னல் விருப்பங்களை ஒரு கணக்கிலும், மரியாடிபி சாவதை வேறொரு கணக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

கெர்னலில் நினைவக ஒதுக்கீடு இரண்டு அடுக்காக நடக்கிறது. கீழே பக்க ஒதுக்கி இருக்கிறது. அது 4 கேபி பக்கங்களை ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டிப்பு அளவுகளில் மட்டுமே கொடுக்கும். கெர்னலுக்கோ பெரும்பாலும் சில பத்து அல்லது சில நூறு பைட்டுகளே வேண்டும். அதற்காக மேலடுக்கு ஒன்று பக்கங்களை வாங்கி, தோட்டத்து லயன் வீடுகளைப் போல ஒரே அளவுள்ள அறைகளாகத் தடுத்து வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு ஒவ்வோர் அறையாகக் கொடுக்கிறது. பொது உபயோகத்துக்கான அறைகள் 8, 16, 32, 64, 96, 128, 192, 256 என்று தொடங்கி 8 கேபி வரை போகின்றன. ஒரு டிரைவர் 100 பைட் கேட்டால் 128 பைட் அறை கிடைக்கும்; 28 பைட் வீண். 70 கேட்டால் 96 அறை. ஒரு 4 கேபி பக்கத்தில் 128 பைட் அறைகள் 32 அடங்கும். இந்த மேலடுக்கை எழுதுவதற்கு லினக்ஸில் ஒரு காலத்தில் மூன்று வழிகள் இருந்தன. நீங்கள் தேடும் ஸ்லேப் அவற்றில் மூத்தது.

ஸ்லேப் முறையின் மூலக் கருத்து சன் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக் 1994இல் வெளியிட்டது. லினக்ஸ் அதை எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் நன்றாகவே ஓட்டியது. ஆனால் செயலிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, ஒவ்வொரு செயலிக்கும் நினைவக முனைக்கும் என்று அது வைத்திருந்த வரிசைகளிலேயே நினைவகம் முடங்கத் தொடங்கியது. கிறிஸ்டோஃப் லேமட்டர் அந்த வரிசைகளை ஒழித்துவிட்டு எழுதிய ஸ்லப் 2007இல் 2.6.22 பதிப்பில் சேர்ந்தது. அடுத்த பதிப்பிலேயே இயல்புத் தேர்வாகவும் ஆனது. மூன்றாவதான ஸ்லாப், மிகச் சிறிய கருவிகளுக்காக எழுதப்பட்ட எளிய ஒதுக்கி. ஒரே வேலைக்கு மூன்று நிரல்களைப் பராமரிப்பது வீண் சுமை என்று முடிவாகி, ஸ்லாப் 6.4 பதிப்பிலும் ஸ்லேப் 6.8 பதிப்பிலும் நீக்கப்பட்டன. 6.12இல் மிஞ்சியிருப்பது ஸ்லப் ஒன்றுதான். அது தேர்வாகக்கூடத் தோன்றாது, தானாகவே இருக்கும். பழைய கோப்பில் உள்ள ஸ்லேப் வரியைப் புதிய கெர்னல் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதை நீங்கள் அழிக்கவும் வேண்டாம், அதற்கு மாற்று தேடவும் வேண்டாம்.

அடுத்தது ஸ்லப் டைனி. பெயரைப் பார்த்ததும், நம் கணினி சிறியதுதானே, இதைப் போட்டால் நினைவகம் மிச்சமாகுமே என்று தோன்றுவது இயல்பு. எங்கள் கடைக்குப் பழைய கணினியோடு வரும் பிள்ளைகளில் பலர் கை வைக்கும் முதல் இடமும் இதுதான். ஆனால் இது ஸ்லாப் நீக்கப்படவிருந்ததால் இடமில்லாமல் போகும் கருவிகளுக்காக 6.2 பதிப்பில் சேர்க்கப்பட்டது; 16 எம்பிக்கு மேல் நினைவகம் உள்ள கணினிக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அதன் உதவிக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. 16 எம்பி என்பதைக் கவனியுங்கள். உங்களிடம் இருப்பது அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். இதை இயக்கினால் செயலிவாரிக் கேஷ் போய்விடும், பிழை கண்டறியும் வசதி போய்விடும், கீழே சொல்லப்போகும் பாதுகாப்பு விருப்பங்களும் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். மிச்சமாவதோ அந்த 35 எம்பியில் ஒரு சிறு பங்கு. வேண்டாம் என்றே வையுங்கள்.

பாதுகாப்பு விருப்பங்களைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேகம் குறையும் என்று பயந்து பலர் அவசரப்பட்டு எடுத்துவிடுவது இவற்றைத்தான். ஸ்லப் தன் கணக்கு வழக்குக்காகத் தனி இடம் அதிகம் வைத்துக்கொள்வதில்லை. காலியாக உள்ள ஓர் அறைக்குள்ளேயே, அடுத்த காலி அறை எங்கே என்ற முகவரியை எழுதி வைக்கிறது. இடம் மிச்சம்தான், ஆனால் ஒரு வம்பும் உண்டு. ஏதாவது ஒரு டிரைவர் தன் அறையின் எல்லையைத் தாண்டி எழுதினால், பக்கத்துக் காலி அறையில் உள்ள முகவரி கெட்டுவிடும். அதைத் தெரிந்தே செய்பவன், அடுத்த ஒதுக்கீட்டைத் தான் விரும்பும் இடத்துக்குத் திருப்பிவிட முடியும். ஃப்ரீலிஸ்ட் ஹார்டன்ட் அந்த முகவரியை ஒரு ரகசிய எண்ணோடும், அது எழுதப்பட்டிருக்கும் இடத்தின் முகவரியோடும் கலந்து எழுதுகிறது. ரகசியம் தெரியாதவன் எழுதியது வாசிக்கும்போது உளறலாகிவிடும். அதோடு, ஒரே அறையை அடுத்தடுத்து இரண்டு முறை விடுவிக்கும் பிழையையும் இது பிடித்துவிடும். ஃப்ரீலிஸ்ட் ராண்டம், புதிதாகத் தடுத்த அறைகளை வரிசையாகக் கொடுக்காமல் கலைத்துக் கொடுக்கிறது. எந்த அறைக்குப் பக்கத்தில் எது வரும் என்று வெளியிலிருந்து கணிக்க முடியாது. இரண்டையும் வையுங்கள். எடைக் கணக்கு எழுதும் கணினியில் இவற்றின் விலை உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

ஸ்லேப் மெர்ஜ் டிஃபால்ட் என்பதில்தான் உண்மையான பேரம் இருக்கிறது. ஒரே அளவும் ஒரே குணமும் உள்ள கேஷ்களை ஒன்றாக்கிவிட்டால் பக்கங்கள் அரைகுறையாகக் கிடப்பது குறையும். ஆனால் ஒன்றில் எல்லை மீறினால் மற்றொன்றின் உருப்படி கெடும் ஆபத்து கூடும். 2 ஜிபி கணினியில் நான் இதை இயக்கித்தான் வைப்பேன். வேண்டாம் என்று தோன்றும் நாளில், கெர்னலைத் திரும்பத் தொகுக்காமல், துவக்க வரியில் (கணினி துவங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரி) ஸ்லேப்_நோமெர்ஜ் என்று சேர்த்தால் போதும். 6.6இல் வந்த ராண்டம் கேமேலாக் கேஷ் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. பொது அறைகளுக்கு 16 நகல் கேஷ்களை வைத்துக்கொண்டு, கேட்கும் நிரலின் இடத்தைப் பொறுத்து அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. நகல்கள் ஒவ்வொன்றிலும் அரைகுறைப் பக்கங்கள் கிடக்கும் என்பதால் நினைவகம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். இணையத்துக்கு நேராகத் திறந்துவிட்ட வழங்கிக்கு இதைப் போடச் சொல்வேன். தோட்டத்து அலுவலகத்து மேசைக்கணினிக்கு அவசியமில்லை.

இனிட் ஆன் அலாக், கொடுக்கும் நினைவகத்தை முதலில் பூச்சியமாக்கித் தருவது. பெரும்பாலான வேலைகளில் வேக இழப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு என்று கெர்னலின் குறிப்பே சொல்கிறது; வைக்கலாம். இனிட் ஆன் ஃப்ரீ, விடுவிக்கும்போது பூச்சியமாக்குவது. இதற்கு 3 முதல் 5 சதவீதம் வரை ஆகும் என்கிறது அதே குறிப்பு, விட்டுவிடலாம். அரைகுறைப் பக்கங்களைச் செயலிவாரியாக வைத்துக்கொள்ளும் சிபியூ பார்ஷியல் இருக்கட்டும். மிகத் துல்லியமான நேரக்கட்டுப்பாடு வேண்டிய கருவிகளில்தான் அதை எடுப்பார்கள்.

பிழை தேடும் விருப்பங்களில் ஒரு எச்சரிக்கை. ஸ்லப் டீபக் இருப்பதால் பெரிய நஷ்டமில்லை. துவக்க வரியில் கேட்டால் ஒழிய அது வேலை செய்யாது. ஸ்லப் டீபக் ஆன் அப்படியல்ல, துவங்கியது முதலே ஒவ்வோர் அறையையும் சோதித்துக்கொண்டிருக்கும். நினைவகப் பிழைகளை மாதிரி பார்த்துப் பிடிக்கும் கேஃபென்ஸ் இயல்பு அளவில் 2 எம்பிதான் எடுக்கும், அதனால் தொந்தரவில்லை. ஒவ்வொரு நினைவக அணுகலையும் சோதிக்கும் கேசான் மட்டும் தெரியாமல்கூட இயங்கிவிடக் கூடாது: அதன் பொதுவகை, மொத்த நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கைத் தன் நிழல் கணக்குக்காக எடுத்துக்கொள்ளும். உங்கள் கணினியில் அது 240 எம்பிக்கும் மேல். கெர்னல் எழுதுபவர்கள் தங்கள் சோதனைக் கணினியில் வைத்திருந்த கான்ஃபிக்கை அப்படியே எடுத்துக்கொண்டவர்களின் நினைவகம் காணாமல் போவது இப்படித்தான்.

பட்டியலில் உள்ளவற்றுள் உங்களுக்கு உண்மையிலேயே நினைவகத்தை மீட்டுத் தரக்கூடியது ஒன்று உண்டு. ஆனால் அது ஸ்லேப் பகுதியில் இல்லை. டிரான்ஸ்பேரன்ட் ஹியூஜ்பேஜ் இயங்கினால், 2 எம்பி பெரிய பக்கங்களைத் திரட்ட வசதியாக, எப்போதும் காலியாக வைத்திருக்க வேண்டிய நினைவகத்தின் அளவைக் கெர்னல் தானே உயர்த்திக்கொள்ளும். 2 ஜிபி உள்ள 64 பிட் இன்டெல் வகைக் கணினியில் /புரோக்/சிஸ்/விஎம்/மின்_ஃப்ரீ_கேபைட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். 45056 என்று இருந்தால், அதாவது 44 எம்பி, காரணம் இதுதான். பெரிய பக்க வசதி இல்லாவிட்டால் அதே கணினியில் அந்த அளவு 6 எம்பிக்கும் குறைவாகவே இருக்கும். ஸ்லேப் பகுதியில் தலையை உடைத்துக்கொண்டு ஒன்றிரண்டு எம்பி தேடுவதைவிட, துவக்க வரியில் டிரான்ஸ்பேரன்ட்_ஹியூஜ்பேஜ்=நெவர் என்று ஒரு சொல் சேர்ப்பதில் பலன் அதிகம். பெரிய பக்கங்களால் வேகம் கூடும் வேலை எதுவும் அந்தக் கணினியில் நடக்கவில்லை.

இனி ஓவர்கமிட். இதற்கு மூன்று நிலைகள். 0 என்பது இயல்பு. கண்ணுக்குத் தெரிந்தே பொருந்தாத பெரிய கோரிக்கையை மட்டும் மறுக்கும். 1 எதையும் மறுக்காது. 2 கறாராகக் கணக்குப் பார்க்கும்: மொத்த நினைவகத்தில் ஓவர்கமிட் ரேஷியோ என்ற அமைப்பு சொல்லும் சதவீதத்தோடு ஸ்வாப்பை (நினைவகம் போதாதபோது பக்கங்களை ஒதுக்கி வைக்கும் இடம்) கூட்டி, அதுவே உச்சவரம்பு என்று வைத்துக்கொள்ளும். அந்த ரேஷியோவின் இயல்பு 50. உங்களிடம் ஸ்வாப்பே இல்லை. ஆகவே 1,940இல் பாதி, 970 எம்பி. மெம்இன்ஃபோவில் கமிட்லிமிட் என்ற வரியில் நீங்களே இதைச் சரிபார்க்கலாம். அதற்குக் கீழே உள்ள கமிட்டட்_ஏஎஸ் என்பது நிரல்கள் கேட்டு வைத்திருப்பது. இன்னும் தொடாத நினைவகமும் அதில் சேரும். மரியாடிபி ஒன்றே பெரும்பகுதியைக் கேட்டு வைத்திருப்பதால், உலாவி கேட்கும்போது வரம்பு தாண்டிவிடுகிறது, கெர்னல் கையை விரிக்கிறது. காலி நினைவகம் பாதி இருந்தும் நிரல்கள் திறக்காததன் காரணம் இவ்வளவுதான். ஸ்வாப் இல்லாத சிறு கணினியில் 2 என்ற நிலைக்குப் போகச் சொன்னவர், அதே மூச்சில் ரேஷியோவையும் சொல்லியிருக்க வேண்டும். திரும்ப 0 ஆக்கிவிடுங்கள்.

0 ஆக்கினால் பழைய தொல்லை திரும்பும் என்பது தெரியும். நினைவகம் அடியோடு தீர்ந்துபோனால் கெர்னல் யாரையாவது கொன்று இடம் பிடிக்கும். யாரைக் கொல்வது என்று முடிவு செய்ய, ஒவ்வொரு செயல்முறையும் உண்மையில் பிடித்திருக்கும் நினைவகம், ஸ்வாப், பக்க அட்டவணை ஆகியவற்றைக் கூட்டி மதிப்பெண் போடுகிறது. கிராணியின் உலாவி எத்தனை பெரிதாக இருந்தாலும், ஒவ்வொரு தாவலும் தனித்தனிச் செயல்முறையாகப் பிரிந்து நிற்பதால் ஒவ்வொன்றும் சிறிதாகவே தெரியும். நீங்கள் அனுப்பிய அமைப்புக் கோப்பின்படி மரியாடிபி தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் இடமான இன்னோடிபி பஃபர் பூல் 1 ஜிபி. ஒரே செயல்முறையாக அத்தனையையும் பிடித்துக்கொண்டு நிற்பதால் பலியாவது அதுதான். குற்றம் செய்தவரைக் கெர்னல் தேடுவதில்லை, பருத்தவரைத் தேடுகிறது. கெர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில் அவுட் ஆஃப் மெமரி என்று தொடங்கும் வரியைப் பார்த்தால் மரியாடிபியின் பெயர் இருக்கும்.

எனவே முதல் வேலை, அந்த 1 ஜிபியை இறக்குவது. மரியாடிபியின் இயல்பே 128 எம்பிதான். ஒரு தோட்டத்தின் எடைச் சீட்டுகளுக்கும் செக்ரோலுக்கும் 256 எம்பி தாராளம். இரண்டாவது வேலை ஸ்வாப். பழைய வன்தட்டில் ஸ்வாப் வைத்தால் கணினி ஆமையாகிவிடும் என்று நீங்கள் தவிர்த்தது புரிகிறது. இசட்ராம் வைத்தால் அந்தக் கவலை இல்லை. அது நினைவகத்துக்குள்ளேயே, பக்கங்களைச் சுருக்கி வைக்கும் ஸ்வாப். கெர்னலில் இசட்ராமை மாட்யூலாக (தேவைப்படும்போது ஏற்றும் தனிக் கூறு) தேர்ந்தெடுங்கள். சுருக்கும் முறைக்குப் பழைய செயலியில் இயல்பான எல்இசட்ஓ-ஆர்எல்இ போதும். இசட்எஸ்டிடி இன்னும் நன்றாகச் சுருக்கும், ஆனால் செயலியின் உழைப்பைக் கேட்கும். 1 ஜிபி அளவில் ஒன்று அமைத்து, கெர்னல் ஸ்வாப்பை எவ்வளவு நாடும் என்பதைச் சொல்லும் ஸ்வாப்பினஸை 100க்கு மேல் வையுங்கள். 5.8 பதிப்பு முதல் அது 200 வரை ஏற்கும்; வட்டைவிட வேகமான ஸ்வாப்புக்கு 100க்கு மேல் வைப்பது சரிதான். வன்தட்டு ஸ்வாப்புக்குச் சொல்லப்படும் 10, 20 என்ற அறிவுரைகளை இங்கே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது, இதற்குப் பிறகும் ஒருநாள் நினைவகம் தீர்ந்தால் யார் போவது என்பதை நீங்களே சொல்லிவைக்கலாம். சேவைகளைத் துவக்கி நடத்தும் சிஸ்டம்டியில் மரியாடிபி சேவைக்கு ஓஓஎம்ஸ்கோர்அட்ஜஸ்ட் என்ற வரியில் -500 என்று கொடுத்தால், மொத்த நினைவகமும் ஸ்வாப்பும் சேர்ந்த அளவில் பாதி அதன் மதிப்பெண்ணிலிருந்து கழியும். கெர்னல் வேறு ஆளைப் பார்க்கும். -1000 கொடுத்தால் அதை எந்நாளும் தொடாது. ஆனால் மரியாடிபியே நினைவகத்தைக் கசியவிட்டால், அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொன்றுகொண்டிருக்கும், அந்த நிலைக்குப் போக வேண்டாம். உலாவிக்கு மெமரிஹை 700 எம்பி என்று சிஸ்டம்டி வழியாக ஒரு வரம்பும் போடலாம். அதற்குக் கெர்னலில் மெம்சிஜி (செயல்முறைக் குழுக்களுக்கு நினைவக வரம்பு போடும் வசதி) இயங்கியிருக்க வேண்டும்; நினைவகம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

தொகுக்கும் முறையைப் பொறுத்தவரை, பழைய கோப்பை வைத்துக்கொண்டு முதலில் மேக் லிஸ்ட்நியூகான்ஃபிக் கொடுங்கள். 5.4க்கும் 6.12க்கும் இடையில் புதிதாக வந்தவை மட்டும் பட்டியலாக வரும். நீளமான பட்டியல்தான், ஆனால் மேலே சொன்ன பெயர்களை அதில் தேடி முடிவு செய்துவிட்டு, மற்றவற்றை மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் இயல்புப்படி நிரப்பட்டும். பழைய 5.4 கெர்னலைத் துவக்கப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டாம். அடுத்த மாதச் சந்தா கட்டி முடியும் வரையாவது அது அங்கே இருக்கட்டும். புதிய கெர்னலில் ஏறியதும், மரியாடிபியும் உலாவியும் திறந்திருக்கும் நேரத்தில் மெம்இன்ஃபோவை இன்னொரு முறை எடுத்து, இப்போது அனுப்பியதோடு வைத்துப் பாருங்கள். விட்டுக்கொடுக்க முடியாத ஸ்லேப் பகுதி 35இலிருந்து 50, 60 என்று ஏறியிருந்தாலும் கவலையில்லை. நாள்தோறும் ஏறிக்கொண்டே போனால் மட்டும் ஸ்லேப்டாப் கட்டளையை ஓட்டி, எந்தக் கேஷ் வளர்கிறது என்று பெயரோடு எழுதுங்கள். அது டிரைவர் கசிவாக இருக்கும், அதற்கு வேறு வழியில் தேட வேண்டும்.